கடைசி வரிக்கு முந்தின வரி

அன்புத் தோழிகளே என்று எழுதினாள். அடித்தாள். அந்த அன்புத் தோழிகளை நேற்று ராத்திரி ரஹ்மத்துக்கு எழுதின பேச்சிலேயே போட்டாயிற்று. என் இனிய தோழிகளே என்று போட்டால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. வெறும் தோழிகளே என்றால் யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்துச் சிமெண்டுத் திட்டில், மடியில் ரஃப் நோட்டும் பக்கத்தில் திறந்தபடிக்கு ஒரு டிபன் டப்பாவுமாக உட்கார்ந்திருந்தாள் உச்சினிமாகாளி, காலையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் தலைவிப் பதவிக்கு வேட்பாளர். வேட்பாளர் என்று நினைத்ததுமே தெருமுனையில் ஆட்டோவில் கட்டிய மைக்கும் கும்பிட்ட கையும்தான் ஞாபகம் வருகிறது, அதில் தன் முகத்தை ஒட்டிப் பார்த்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்ததும் ஐந்தாவது பீரியட். சகாயமேரி டீச்சர் வருவார். முதலில் ரஹ்மத் நிஷா பேசுவாள், அடுத்து இவள். அப்புறம் எல்லாரும் துண்டுத் தாளில் ஒரு பெயரை எழுதி மடித்து சாக்பீஸ் டப்பாவுக்குள் போடவேண்டியது. போன வருஷம்வரை இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, முதல் ராங்க் எடுத்தவள் லீடர், அவ்வளவுதான். புதிதாக வந்த சகாயமேரி டீச்சர்தான், "மார்க் வேற, லீடர் வேற. ரெண்டு பேரோ மூணு பேரோ நில்லுங்க, பேசுங்க. மத்தவங்க யோசிச்சு ஓட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். யோசிப்பதாம். ஒன்பது ஆ யோசித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இவள் நிற்பதாகவே இல்லை. நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ரஹ்மத் வந்து, "ஏட்டி மாகாளி, நான் லீடருக்கு நிக்கேன். காலைல வரும்போது எழுதிக் கொண்டுவந்துரு" என்றபோது, எவ்வளவு நேரம் பேசணும் என்று மட்டும்தான் கேட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து அப்படித்தான். பேச்சுப் போட்டி என்று அறிவிப்பு வந்தால் இவள் எழுதுவாள், அவள் மனப்பாடம் செய்து பேசுவாள். மழைநீர் சேகரிப்புக்கும் இவள் கை, அவள் வாய். சாலைப் பாதுகாப்புக்கும் அப்படியே. போன வருஷம் பரிசாக வந்த ரெண்டடுக்கு டிபன் கேரியரில் மேலடுக்கை ரஹ்மத் எடுத்துக்கொண்டாள், கீழடுக்கு இவளுக்கு. கீழடுக்குக்கு ஏது மூடி. அம்மா வேறு எதனுடைய மூடியையோ அழுத்திப் பொருத்திக் கொடுத்துவிடுகிறாள், அது பாதி நாள் பைக்குள்ளேயே திறந்துகொண்டு புத்தகத்துக்கெல்லாம் எலுமிச்சை சாதம் ஊட்டிவிடுகிறது. காலையில் பிரேயர் முடிந்து வந்ததும் பேப்பரைக் கொடுத்தாள். ரஹ்மத் வாங்கி வாசித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் வந்து, ரஹ்மத் ஒருத்திதானா, வேற யாரும் இல்லையா என்று கேட்டார். கடைசி பெஞ்சு அமலி, "மாகாளி நிக்கா டீச்சர்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ, ரஹ்மத் மேல் இருக்கிற கடுப்பில் சொன்னாளோ. டீச்சர் போர்டில் பெயரை எழுதிவிட்டார். பெயர் நீளம் என்பதால் போர்டில் பாதி தூரம் போயிற்று. நிற்கவில்லை டீச்சர் என்று சொல்லத்தான் எழுந்தாள். வாயில் என்ன கொழுக்கட்டையோ, எழுந்தவள் எழுந்தபடியே நின்றாள், வேண்டாம் என்று சொல்ல எழுந்து நின்றவளைப் பார்த்து வகுப்பே கை தட்டியது, எல்லாரையும்விட ரஹ்மத் பலமாகத் தட்டினாள். உட்காரும்போது பயமாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது, அது என்னவென்று மூன்றாவது பீரியட் வரைக்கும் பிடிபடவில்லை. ஆசை. சனியன், ஆசைதான் அது.

எனக்கு வாக்களித்தால் என்று எழுதினாள். அளித்தால் என்ன செய்வாய்? குடிதண்ணீர்க் குழாய்க்குப் புது மூடி கேட்பேன் என்பதை ரஹ்மத்துக்குக் கொடுத்தாயிற்று. பேசினவர்கள் பெயரை போர்டில் எழுதும்போது, ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன் என்பதையும் கொடுத்தாயிற்று. கணக்குப் பீரியடை விளையாட்டுப் பீரியடுக்கு அப்புறம் வைக்கவேண்டாம் என்று கேட்பது, உடம்பு முடியாதவர்களை வெயிலில் நிற்க வைக்காதீர்கள் என்று கேட்பது, எல்லாம் போயிற்று. ஒன்பது ஆ-வுக்குச் செய்ய இனிமேல் ஒரு நல்ல காரியமும் மிச்சமில்லை. புதிதாக ஏதாவது யோசிக்கலாம் என்று கண்ணை மூடினால் யோசனை ரஹ்மத்தின் குரலிலேயே வருகிறது. இத்தனை வருஷமாக எழுதும்போதெல்லாம் காதுக்குள் அவள்தானே பேசினாள். இந்த இடத்தில் அவள் மூச்சு வாங்குவாள் என்று தெரிந்து அங்கே ஒரு சாய்கோடு, இங்கே குரலை உயர்த்துவாள் என்று தெரிந்து அடியில் ஒரு கோடு. தன் குரலுக்கு எங்கே கோடு போடுவது? தன் குரல் எப்படி இருக்கும்? உள்ளேன் டீச்சர் என்பதைத் தவிர அந்த வகுப்பில் தான் சத்தமாகச் சொன்னது என்ன? மெதுவாக, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, என் பெயர் உச்சினிமாகாளி என்று சொல்லிப் பார்த்தாள். காற்றுப் போன பந்து மாதிரி வந்தது. பெயரைச் சொல்லவே வேண்டாம், அதுதான் போர்டில் இருக்கிறதே. சாதத்தில் ஒரு கடலைப்பருப்பு கல் மாதிரி கிடந்தது. அதை ஒதுக்கினாள், மறுபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த ஒரு வரி மட்டும் இருந்தால் போதும். சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. கடைசி வரி நன்றி, வணக்கம். அதற்கு முந்தின வரி. என் வீட்டில் இதுவரை யாரும் என்னிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை, அதனால் நான் தலைவியானால் உங்கள் ஒவ்வொருவரிடமும் அதைத்தான் முதலில் கேட்பேன். நேற்று அடுப்படி வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். குழாய் மூடியெல்லாம் எழுதி முடிந்தது, முடிக்கிற இடத்தில் ஒரு அடி அடிக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டு விழும், பேச்சுப் போட்டியிலும் அதுதான் சூத்திரம். பேனா அப்படியே நின்றது. அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா மினி பஸ் கண்டக்டர், காலையிலிருந்து எங்க போணும் எங்க போணும் என்று ஊரையே கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு வருகிறவர். வீட்டுக்கு வந்தால் ரசத்தைக்கூடச் சைகையில்தான் கேட்பார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா போன் வந்தது. "அவ பதினொண்ணாவதுல காமர்ஸ் எடுக்கட்டும், பேங்குக்குப் போயிரலாம்லா" என்று அப்பா சொன்னார். இவள் அவர் காலடியில்தான் கிடந்தாள். அப்பாவின் கால் பெருவிரல் இவள் நோட்டின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கோபம் வந்ததா என்றால் இல்லை, சத்தியமாக இல்லை. காமர்ஸ் பிடிக்காது என்றுகூட இல்லை. பேனா தானாக ஓடி அந்த வரியை எழுதியது, நடுவில் ஒரு சாய்கோடும் போட்டது. இது விழும் என்று நினைத்தாள், இதற்கு அமலியே விழுவாள் என்று நினைத்தாள், நல்ல வரி கிடைத்த சந்தோஷத்தில் தூங்கிப்போனாள். மூன்றாவது பீரியடில் புவியியல் டீச்சர் பருவக்காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, அந்த வரி ரஹ்மத்தின் வாய்க்கு எழுதியது இல்லை. ரஹ்மத் வீட்டிலா கேட்க மாட்டார்கள்? அங்கே மீன் வாங்கப் போகுமுன்னால்கூட எந்த மீன் என்று எல்லாரும் கருத்துச் சொல்லவேண்டும். அவள் வாப்பா கடைக்குப் போர்டு வைக்கும்போது என்ன நிறம் என்று இவளையே கேட்டார், பச்சை என்று சொன்னாள், பச்சையே வைத்துவிட்டார். மேலப்பாளையத்தில் அந்தப் பச்சை போர்டைத் தாண்டும்போதெல்லாம் இவள் கழுத்தைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

சரி, தன் வீட்டில் கேட்டதே இல்லையா? நியாயமாக யோசி. அம்மா கேட்கிறாளே. சாப்பிட்டியா, படிச்சியா, தலை காஞ்சுட்டா, பஸ்ஸுக்குத் துட்டு எடுத்துக்கிட்டியா. நாள் முழுக்கக் கேள்விதான். இன்றைக்குக்கூட எலுமிச்சை சாதத்துக்கு அடியில் ஒரு அவித்த முட்டையை ஒளித்து வைத்திருக்கிறாள், தம்பிக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று. இப்படிப்பட்ட அம்மாவை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டதில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடாதா? அமலி வேறு அப்பாவின் பஸ்ஸில்தான் வருகிறாள். அண்ணாச்சி, உங்க மக இப்படிச் சொன்னா என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுவாள். அப்பா என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் பயம். மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு விசில் ஊதுவார். ஊதிவிட்டு, படியில் நின்றபடி, ஒருவேளை யோசிப்பார். அப்படியானால் அந்த வரி ரஹ்மத்திடமே இருப்பதுதான் நல்லது. அவள் சொன்னால் அது வெறும் பேச்சு, யாருக்கும் நோகாது. ஆனால் அவள் சொல்லிவிட்டால் அப்புறம் அது இவளுக்கு இல்லை. இன்னொரு தடவை அதை இவள் எங்கே போய்ச் சொல்வாள்? வேண்டுமா வேண்டாமா, சொல்லணுமா ஒளிக்கணுமா, மனசு ஜெயிக்கத்தான் கேட்கிறதா அல்லது அதைச் சொல்லிப் பார்க்க மட்டும்தான் கேட்கிறதா, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. முட்டையைப் பாதி கடித்தாள். உப்பு இல்லை. என் வீட்டில் என்று எழுதினாள், உடனே அடித்தாள், அடித்தது தெரியக்கூடாது என்று மேலேயே இன்னும் கனமாக அடித்தாள்.

"என்னட்டி, நோட்டைக் கிழிக்கியா?" ரஹ்மத் வாதாம் மரத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள், பேப்பரை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் செய்கிறவர்கள் நடக்கிற நடையில். திட்டில் ஏறி ஒட்டி உட்கார்ந்தாள். மேலடுக்கில் அவள் கொண்டுவந்திருந்த நெய்ச்சோற்றை இவள் மூடியில் ஒரு கை அள்ளி வைத்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதுதேன்."

"காட்டு."

"காட்ட மாட்டேன்."

"அதுஞ்சரி, இப்ப நாம எதிரிக் கட்சில்லா." ரஹ்மத் சிரித்தாள். அவளுக்கு இது எல்லாமே சிரிப்புதான். "நீ ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதாம்ட்டி" என்றாள். அது நிஜமா என்று அவள் முகத்தைப் பார்த்தாள் மாகாளி. நிஜம் மாதிரிதான் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. தனக்கு அப்படி ஒண்ணுதான் என்று சொல்ல வரவில்லையே. "அந்தக் கடைசிக்கு முந்தின வரி இருக்குல்லா, அதுலதாம்ட்டி எல்லாவளும் விழப்போறாளுவோ" என்றாள் ரஹ்மத்.

இதுதான் சமயம். "அது உனக்குச் சரியா வருமா?" என்றாள்.

"வராம? பாரு." ரஹ்மத் கண்ணை மூடினாள், மோவாயைத் தாழ்த்தினாள், என் வீட்டில் இதுவரை யாரும் என்று ஆரம்பித்தாள். குரல் தழுதழுத்தது. சாய்கோட்டில் மூச்சு வாங்கினாள். கேட்டதில்லை என்கிற இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது, எங்கிருந்துதான் கற்றுக்கொண்டாளோ, சைக்கிள் பூட்டிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்த்தது. முடித்ததும் ரஹ்மத் பட்டென்று கண்ணைத் திறந்து, "எங்க உம்மா கேட்டா என்னைக் கொன்னுரும், எல்லாத்தையும் உங்கிட்டதானட்டி கேக்கோம்னு" என்று சிரித்தாள். மாகாளியும் சிரித்தாள். சிரிப்பு தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை மட்டும் எனக்குத் தந்துரு. எவ்வளவு சின்ன வாக்கியம். ஏட்டி ரஹ்மத், அந்த ஒரு வரியை எனக்குத் தந்துரு, நீ வேற சொல்லிக்கோ. ஏன் என்று கேட்பாள். ஏன் என்றால், அது நான். இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அது ரொம்ப நல்லாருக்குன்னு தோணுது, அதனாலே. இல்லை, அதுவும் பொய். நெய்ச்சோற்றில் ஒரு முந்திரிப்பருப்பைத் தேடுகிற மாதிரி விரல் கிளறிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்தாள். மணி அடித்தது.

கை கழுவுகிற இடத்தில், படியில், வராந்தாவில், வகுப்புக்குள், எல்லா இடத்திலும் ஒரே ஒரு நினைப்பு. அவள் மறந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும், கை தட்டு வாங்கட்டும், குழாய் மூடிக்கு வகுப்பே விசில் அடிக்கட்டும், அந்த ஒன்றை மட்டும் மறந்துவிடட்டும். நினைத்த மறு நிமிஷமே சே என்று இருந்தது. நெய்ச்சோற்றை வாங்கித் தின்றுவிட்டு நினைக்கிற நினைப்பா இது. ரஃப் நோட்டில் அடித்த வரிகளைத் தவிர ஒன்றுமில்லை. போய் நின்று வணக்கம் சொல்லிவிட்டு, எனக்குப் பேச வராது, ரஹ்மத்துக்கே போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். அது பெருந்தன்மை மாதிரி இருக்கும், டீச்சர்கூட மெச்சுவார், உள்ளுக்குள் இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும். சகாயமேரி டீச்சர் சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி மேஜையில் வைத்தார். ரஹ்மத் பேப்பரை பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அன்புத் தோழிகளே என்றாள். முதல் வார்த்தையிலேயே வகுப்பு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. என்ன குரல். தான் எழுதின வார்த்தைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருவதை மாகாளி முதல் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் மூடிக்குக் கை தட்டினார்கள். போர்டில் பெயர் எழுதுகிற விஷயத்துக்குக் கடைசி பெஞ்சே மேஜையைத் தட்டியது. அதற்குள் கரண்ட் போய் ஃபேன் ஓய்ந்தது, ரஹ்மத்தின் குரல் இன்னும் துல்லியமாக விழுந்தது. உடம்பு முடியாதவர்கள், வெயில், முடிந்தது. அடுத்தது அதுதான், அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு. ரஹ்மத் நிறுத்தினாள். மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தாள். மூச்சுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. ரஹ்மத்தின் உதடு ஒரு தடவை பிரிந்து ஒட்டியது. வலது புருவம் லேசாக மேலே போயிற்று. மூன்று வருஷமாக இந்தப் புருவத்துக்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மறந்துபோச்சு, எடுத்துக் குடு. கேட்ட வரம் கேட்டபடியே கிடைத்துவிட்டது. இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ரஹ்மத் திணறுவாள், நன்றி வணக்கம் சொல்லிவிட்டு இறங்குவாள், அந்த வரி அப்படியே முழுசாக மிஞ்சும், அடுத்த நிமிஷம் எழுந்துபோய் அதை மட்டும் சொன்னால்கூடப் போதும். "ம், அடுத்து" என்றார் டீச்சர். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரஹ்மத்தின் காது சிவந்தது. அவள் அப்படி நின்று பார்த்ததே இல்லை, மேடையில் அவளுக்குக் காது சிவந்து பார்த்ததே இல்லை. வேறு பக்கம் கண்ணே போகாமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், இவள் தருவாள் என்பதில் துளி சந்தேகம் இல்லாமல்.

"என் வீட்டில்" என்றாள் மாகாளி, உதட்டை அசைக்காமல், வழக்கம்போல. அவ்வளவு போதும், முதல் வார்த்தை கொடுத்தால் ரஹ்மத் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவாள். ரஹ்மத் பிடிக்கவில்லை. புருவம் இறங்கவில்லை. "இதுவரை யாரும்" என்றாள், கொஞ்சம் சத்தமாக. ஃபேன் சத்தம் இல்லாத வகுப்பில் அது மூன்றாவது பெஞ்சுவரை போனது. ஏன் பிடிக்க மாட்டேன் என்கிறாள்? "என்னிடம்" என்றாள். காற்றுப் போன பந்து மாதிரி இருந்த குரல் எங்கோ போய்விட்டு வேறு எதுவோ வந்துகொண்டிருந்தது, கரகரவென்று, அப்பா தொண்டையைச் செருமுகிற மாதிரி. "நீ என்ன நினைக்கிறாய் என்று" என்றாள். இனி நிறுத்த வழியில்லை, இறக்கத்தில் விட்ட சைக்கிள். "கேட்டதில்லை."

களுக்கென்ற சிரிப்பு நின்றிருந்தது. அமலி கன்னத்தில் கை வைத்தபடி இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சாக்பீஸ் டப்பாவை நகர்த்தப் போனவர் நகர்த்தாமல் இருந்தார். ரஹ்மத் இப்போது சொல்ல வேண்டும், எடுத்துக் கொடுத்தாயிற்று, ஒவ்வொரு வார்த்தையாகக் கொடுத்தாயிற்று, தழுதழுத்துச் சொல்லி ஓட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். ரஹ்மத் சொல்லவில்லை. அவள் புருவம் மெல்ல இறங்கியது. மேடைக் குரலில் இல்லை, பஸ் ஸ்டாப்பில் பேசுகிற குரலில், நடுவில் நாற்பது பேர் இருப்பதே தெரியாதவள் போலக் கேட்டாள்.

"நெசமாவாட்டி?"

சும்மா பேச்சுக்கு எழுதினது என்று சொல்லிவிடலாம். அதுதான் சரி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காமர்ஸுக்கும் முட்டைக்கும் எல்லாருக்கும் அதுதான் நல்லது, சொல்லிவிட்டுச் சிரித்தால் வகுப்பே சிரித்துவிடும். மாகாளிக்கு மூக்கின் நுனி எரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு ரஹ்மத் ரெண்டாகத் தெரிந்தாள். "ஆமாட்டி" என்றாள். அப்புறம்தான், தான் எழுந்து நின்றுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.